"பார்த்துக்கலாம்" என்ற மைனா

ஏரிக்கரையில் ஒரு பெரிய மருத மரம் இருந்தது. ஒரு ஊரே அதில் குடியிருந்தது. உச்சிக் கிளைகளில் கொக்குகள். நடுமரத்துப் பொந்துகளில் ஒரு கிளியும் ஒரு மைனாவும். அடியில், வேரை ஒட்டிய வளையில் ஒரு வெள்ளெலி.

மரத்தின் பொதுக் காரியங்களைக் கவனிக்க ஒரு தலைவி வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, எல்லாம் மைனாவைத்தான் கைகாட்டின. ஏனென்றால் மைனா யாரிடமும் "முடியாது" என்று சொன்னதே கிடையாது.

"இந்தக் கொக்குகளோட எச்சம் என் வாசல்லதான் விழுது!" என்று கிளி கத்தும்.

"பார்த்துக்கலாம்!" என்று மைனா தலையாட்டும்.

"கிளி துப்புற கொட்டையெல்லாம் என் தலையிலதான் விழுது, அக்கா!" என்று வெள்ளெலி அழும்.

"பார்த்துக்கலாம், தங்கச்சி!"

பிறகு ஒன்றும் நடக்காது. ஆனாலும் கேட்டவர்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி ஒரு நிம்மதி! அந்தச் சொல் எதையும் ஆற்றிவிடும் மருந்து என்றே மைனாவும் நம்பிக்கொண்டிருந்தது, பாவம்.

ஒரு நாள் காலை வெள்ளெலி கீழிருந்து கூவியது. "அக்கா! வேர்ல கரையான் ஏறியிருக்கு! சீக்கிரம் வந்து பாருங்க!"

மைனா இறங்கிப் பார்த்தது. வேரிலிருந்து மண் கோடுகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. மைனாவுக்கு முட்டையிடும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் நெஞ்சு பதறியது. சும்மா சொல்லக்கூடாது, அன்று அது ஒரு நல்ல காரியம் செய்தது. மாந்தோப்புக்குப் பறந்து போய் மரங்கொத்தியை அழைத்து வந்தது.

மரங்கொத்தி மரத்தில் காதை வைத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தது. "நாலு நாள் வேலை இருக்கும்மா. தட்டித் தட்டித்தான் புழுவையும் கரையானையும் எடுக்கணும். சத்தம் வரும். எல்லாரும் பொறுத்துக்கணும்."

"அதெல்லாம் பார்த்துக்கலாம், அண்ணே!" என்றது மைனா.

டொக்! டொக்! டொக்! வேலை தொடங்கியது. முதல் நாளே மரங்கொத்தி கரையானைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துத் தின்றது.

இரண்டாம் நாள் நடுப்பகலில் கிளி சிறகைச் சிலிர்த்துக்கொண்டு வந்து நின்றது.

"தலைவி! மத்தியானத்துல கண்ணை மூட முடியல! எங்கேயோ வேர்ல கரையானாம், அதுக்கு என் வீட்டுச் சுவரைத் தட்டணுமாம்! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறானா அவன்?"

"வேர்ல தெரியுறது வாசல்தான், தாயே! குடித்தனம் நடுமரத்துல நடக்குது!" என்று மரங்கொத்தி அங்கிருந்தே பதில் சொன்னது.

"எங்க குஞ்சுங்க பயந்து நடுங்குது! இதை இப்பவே நிறுத்தணும்!" என்று கொக்குகளும் மேலிருந்து குரல் கொடுத்தன.

"இன்னும் ரெண்டே நாள், பொறுத்துக்குங்க" என்று மைனா சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தது. ஆனால் சொன்னால் கிளி முகத்தைத் திருப்பிக்கொள்ளுமே! கொக்குகள் பேசாமல் போய்விடுமே! இத்தனை நாள் வாங்கி வைத்த நல்ல பெயர் என்ன ஆவது? மைனா மெல்ல மரங்கொத்தியிடம் போனது.

"அண்ணே, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா குஞ்சு குளுவான் இருக்கிற இடம்... மீதியை அப்புறம் பார்த்துக்கலாமே?"

மரங்கொத்தி அதை ஏற இறங்கப் பார்த்தது. "நீ 'அப்புறம்'னு சொன்னா நான் நிறுத்திடுவேன். கரையான் நிறுத்தாதும்மா!" என்று சொல்லிவிட்டுப் பறந்து போனது.

"தலைவின்னா இவதான்!" என்று கிளி மெச்சியது. மைனா பூரித்துப் போனது.

பத்து நாள் கழித்து வெள்ளெலி மறுபடி வந்தது. "அக்கா, கரையான் முன்னைவிட உசரமா ஏறிடுச்சு. அவரைத் திரும்பக் கூப்பிடுங்க!"

"கிளி ஊருக்குப் போற சமயமாப் பார்த்து... பார்த்துக்கலாம், தங்கச்சி!"

வெள்ளெலி அதற்குமேல் கேட்கவில்லை. அன்றே குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய், ஏரிக்கரை மேட்டில் புது வளை தோண்டிக்கொண்டது. மைனா அதைப் பார்த்தது. பார்த்ததோடு சரி.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மைனாவின் பொந்தில் அப்போது மூன்று நீல முட்டைகள் இருந்தன. ஒரு மத்தியானம் அடைகாத்துக்கொண்டிருந்த அதன் வயிற்றுக்குக் கீழே மரம் ஒருமுறை முனகியது. மைனா அலறிக்கொண்டு மாந்தோப்புக்குப் பறந்தது.

"அண்ணே! இப்பவே வாங்க! யார் என்ன சொன்னாலும் சரி!"

பழசை மனதில் வைக்காமல் மரங்கொத்தி உடனே வந்தது. மரத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டியது. காலிப் பானையைத் தட்டின மாதிரி சத்தம் கேட்டது.

"இனி தட்ட உள்ளே ஒண்ணும் இல்லம்மா. பறக்கிறதெல்லாம் பறந்துடுங்க!"

கொக்குகள் பறந்தன. அப்போதுதான் சிறகு விரித்துப் பழகியிருந்த அவற்றின் குஞ்சுகளும் தத்தித் தத்திப் பறந்தன. கிளியும் பறந்தது. முட்டைக்கு ஏது சிறகு? மைனா பொந்து வாசலிலேயே நின்று தவித்தது. மரங்கொத்திதான் அதை இடித்து வெளியே தள்ளியது. அடுத்த காற்றில் மருத மரம் அடியோடு சாய்ந்தது. மைனா கிளைகளுக்குள் புகுந்து தேடியது. நீல ஓடுகள்தான் கிடைத்தன.

மற்றவை ஏரிக்கரை மேட்டில் வந்து கூடின. "தலைவி! இப்ப நாங்க எங்கே போறது? பழையபடி ஒரு மரம் வேணும்! ஏதாவது சொல்லேன்!" என்று கிளி அங்கிருந்தே கத்தியது.

மைனா வாயைத் திறந்தது. பழக்க தோஷம், "பார்த்..." என்று தொடங்கியது. காலடியில் கிடந்த நீல முட்டை ஓட்டைப் பார்த்தது.

"முடியாது" என்றது.

மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்த அன்று நடுப்பகலில் அதே கிளியிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.

எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்க்கிறவரால் கடைசியில் யாருக்கும் நல்லது செய்ய முடியாமல் போகும்.