கோத்த கை

ஊர் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த பஸ் பிடித்துச் சண்டைக்கு வருவார்கள், அவ்வளவு ரோஷக்காரர்கள்.

அந்த ஊர் நகராட்சி மைதானத்தில் கபடி சொல்லித்தருகிறவள் பேராச்சி. வயது முப்பத்திரண்டு. அவளிடம் கற்றுக்கொள்கிறவர்களில் மூத்தவர் தில்லைநாயகம். வயது ஐம்பத்தாறு, பாத்திரக்கடை முதலாளி, ஐந்தாம் வார்டு கவுன்சிலர். சர்க்கரை ஏறியதால் டாக்டர் நடக்கச் சொன்னார். மனுஷன் நடந்து நடந்து கபடிக் கோட்டுக்குள் வந்து விழுந்தார், அப்புறம் வெளியேறவே இல்லை.

ஒருநாள் காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, கடையில திருட்டா?"

"அதைவிட மோசம், கோச். இன்னைக்கு மதியம் கவுன்சில் கூட்டம். மைதானத்துக்குச் செலவழிக்கதை நிறுத்திட்டு, இந்த இடத்துல நாப்பது கடை கட்டணும்னு எங்க கட்சி சேர்மனே தீர்மானம் கொண்டுவாராரு. பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். என் ஒரு ஓட்டுலதான் நிக்கி."

"நீங்க எந்தப் பக்கம்?"

"அதான் தெரியலை. விளக்கு, வேலி, உங்க சம்பளம்னு அஞ்சு வருஷமா நகராட்சி கொட்டுதே, திரும்பி என்ன வந்துச்சுன்னு கேக்காரு. ஒரு கப்பு உண்டாங்காரு. நான் என்ன பதில் சொல்ல?"

பேராச்சி விசிலை ஊதினாள். பயிற்சியில் இருந்த ஏழு பேர் எதிர்ப்பாதியில் இறங்கி நின்றார்கள்.

"சட்டையைக் கழட்டுங்க, அண்ணாச்சி. ஒரு தடவை பாடிட்டு வாங்க."

"கோச், நான் கேட்டது வேற..."

"மூச்சை வீணாக்காதீய."

தில்லைநாயகம் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். "கபடி கபடி கபடி..." தொந்தி குலுங்கினாலும் கால் தெளிவு. மூலையில் நின்ற ஒருவனைத் தொட்டும்விட்டார். திரும்புவதற்குள் ஏழு பேரும் கைகோத்து வளைத்துக்கொண்டார்கள்.

வளைத்துவிட்டால் உடைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். தளர்ந்த கை எதுவென்று பார்த்து அங்கே மோத வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தவளே பேராச்சிதான்.

கவுன்சிலர் அல்லவா, ஏழு பேரும் எந்தெந்தத் தெரு என்று அவருக்கு அத்துப்படி. கொம்பையா வடக்குத் தெரு. பக்கத்தில் கைகோத்து நிற்கிற சுடலைமணி தெற்குத் தெரு. அந்த ரெண்டு தெருவும் டீக்கடையில்கூட ஒரே பெஞ்சில் உட்காராது. இவன்களா இறுக்கிப் பிடித்திருக்கப்போகிறான்கள் என்று நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டு அந்த இரண்டு கைக்கும் நடுவில் போய் மோதினார்.

கை விடவில்லை. மனுஷன் மல்லாக்க விழுந்தார். மூச்சும் போச்சு, பாட்டும் போச்சு. கொம்பையாவும் சுடலைமணியும்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

பேராச்சிக்கு வந்ததே கோபம்!

"ஓரத்துல ஒரு நோஞ்சான் நிக்கான், ஊதினா விழுவான். அவனை விட்டுட்டு அந்தக் கையில எதுக்குப் போய் முட்டுனீய?"

ஐம்பத்தாறு வயசில் அவர் இப்படி வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

"சொல்ல மாட்டீய. சரி, இதையாவது சொல்லுங்க. இந்த மைதானம் திறக்கதுக்கு முந்தின வருஷம், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல ரெண்டு தெருவும் வெட்டிக்கிட்டு நின்னுச்சே. உங்க கடை எத்தனை நாள் பூட்டிக் கிடந்துச்சு?"

"பத்தொம்பது நாள்."

"பஜார்?"

"மொத்தமும் பூட்டித்தான் கிடந்துச்சு. பால்கூட வரலை."

"அதுக்குப் பிறகு?"

தில்லைநாயகம் திரும்பிப் பார்த்தார். முதுகில் ஒட்டியிருந்த மண்ணைச் சுடலைமணி தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"பிறகு ஒருநாளும் பூட்டலை, கோச்."

சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நான் தீர்மானத்தை எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். கட்சியை விட்டுத் தூக்கினாலும் தூக்கிட்டுப் போறான். ஆனா சேர்மன் லேசுல விடுத ஆளு இல்ல. இன்னைக்குத் தோத்தா அடுத்த மாசம் வேற ஒருத்தனை வளைச்சுப்போட்டுட்டு, ஜேசிபியோட வந்து நிப்பாரு. அப்ப என்ன செய்ய?"

பேராச்சி சிரித்தாள்.

"வரட்டும். இந்த ஏழு பேரும் கோட்டுக்குள்ள இதே மாதிரி நிப்பானுவ. அவரையும் இறங்கிப் பாடச் சொல்லுங்க, அண்ணாச்சி. எந்தக் கை தளர்வுன்னு தேடிப் பாக்கட்டும்."