இரண்டாவது கரண்டி நெய்

மடத்துக் குரு பூரணானந்தருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாலாம் நாள், மடத்தில் சமைக்கும் சீடர் நல்லசிவம் தன் கரண்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். குருவைவிடச் சீடருக்கு ஆறு வயது கூட. இருபத்தெட்டு வருஷமாகக் குருவுக்கு அவர் கைச்சோறுதான்.

காரியஸ்தர் வைத்திலிங்கம் போனில் எதையோ படித்துவிட்டு, நெய்யிலுள்ள 'கொழுப்பு அமிலம்'தான் காரணம் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டார். நெய்யை ஊற்றியே சாமியைச் சாய்த்துவிட்டானாம் நல்லசிவம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அன்று காலை காரியஸ்தரே ஓட்ஸ் கஞ்சியும் கொண்டுவந்து, நல்லசிவத்தை அனுப்பிவிடலாம் என்றார். குரு அதைத் தொடவில்லை.

“நெய்யைக் கொறைக்கச் சொன்னாரு டாக்டர். கொறைச்சுக்கிடுவோம். ஆளை அனுப்பச் சொன்னாரா? கஞ்சியை நீரே குடியும் வே.”

காரியஸ்தர் போய்விட்டார். நல்லசிவம் நகரவில்லை.

“நான் ஊருக்குப் போறேன் சாமி.”

“என்ன குத்தம் செஞ்சீரு?”

“எல்லாருக்கும் ஒரு கரண்டி நெய். சாமிக்கு மட்டும் ரெண்டு விட்டேன். மெலிஞ்சு போறாங்களேன்னு.” சொல்லும்போதே அழுதுவிட்டார்.

“நெய்யாலதான் வந்துதுன்னு டாக்டர் சொன்னாரா?”

“ஆராய்ச்சியில சிலர் கொழுப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுங்காங்களாம், சிலர் இல்லைங்காங்களாம். சாமிக்கு எதனால வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம்.”

“அவருக்குத் தெரியாதது உமக்குத் தெரிஞ்சிட்டோ?”

“தெரியும்!” நல்லசிவம் குருவிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. “நான்தான் காரணம். ஒத்துக்கிடுங்க!”

குரு ஒத்துக்கொள்ளவில்லை.

“என் இலையில மிச்சத்தை யார் சாப்பிடுதா?”

குரு மிச்சம் வைப்பதைப் பரிமாறியவர் பிரசாதமாக உண்பது அந்த மடத்து வழக்கம்.

“நான்தான்.”

“நீர் ரெண்டாவது கரண்டி ஊத்தின சோத்தை நான் ஒருநாளும் தொட்டதில்ல. அப்படியே ஒதுக்கி வச்சிருவேன். இத்தனை வருஷமா அது உம்ம வயித்துக்குத்தான் போச்சு. உமக்கு ஏன் வரல்ல?”

தான் குற்றவாளி இல்லை என்றதும் நல்லசிவத்துக்கு நிம்மதி வரவேண்டும் அல்லவா? கோபம்தான் வந்தது. ஒன்றும் செய்யாத மனுஷனுக்கு இப்படி ஒரு நோயா!

“அப்போ எதனாலதான் வந்துச்சு சாமி? சொல்லுங்க! எதனால?”

குரு குனிந்து கரண்டியை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“உமக்குக் காரணம் வேணும். எனக்குப் பசிக்கி.”