ஓரத்துக் குழிகள்

செபஸ்தியானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே? ஆறு வருஷ உழைப்பு. கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே, நாற்பத்திரண்டு வயதில், தன்னைவிட ஒன்பது வயது இளைய மெஹருன்னிசாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டில் மெஹருன்னிசா கையெழுத்துப் போடாவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். அந்த அம்மா என்னடாவென்றால், ‘மனிதத் தோலுக்குப் பாதுகாப்பானது’ என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

செபஸ்தியான் கண்டுபிடித்தது ஒரு நொதி. சும்மா சொல்லக் கூடாது, தீக்காயத்தில் சீழ் வைக்கும் கிருமியை ஒரே மணி நேரத்தில் தீர்த்துக்கட்டிவிடும். ஆனால் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் மனிதத் தோல் செல்களை வளர்த்து, களிம்பில் சேர்க்கப்போகும் அதே அளவு நொதி விட்ட கடைசி வரிசையில் பத்தில் நாலு செல் செத்துப்போயிற்று.

“அந்தக் கடைசி வரிசை முடிவை அட்டவணையில காணோமே சார்?”

“அது தட்டோட ஓரம் மேடம். ஓரத்துக் குழியில ஈரம் வத்தி செல் தானா சாகும். எல்லாரும் விட்டுடுறதுதான்.”

“மருந்து விடாத குழியும் அதே ஓரத்துலதானே இருந்துச்சு? அது ஏன் சாகலை?”

செபஸ்தியானுக்கு முகம் கறுத்துவிட்டது.

“செல்லு செல்லுன்னு உயிரை வாங்குறீங்களே! பிளாஸ்டிக் தட்டுல கிடக்கிற அதுக்குப் பச்சைத் தண்ணி பட்டாலே ஆகாது. நிஜத் தோல் அப்படியா? இப்பப் பாருங்க!”

விறுவிறுவென்று சட்டைக் கையை மடக்கினார். ஃப்ரிட்ஜில் நொதி கலந்து வைத்திருந்த களிம்பை எடுத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சந்தனம் மாதிரி அப்பிக்கொண்டார். ‘வேண்டாம் சார்’ என்று மெஹருன்னிசா எழுந்திருப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு மணி நேரம் போயிற்று. அரிப்பில்லை, சிவப்பில்லை. செபஸ்தியான் குழாயடியில் கழுவிவிட்டு வந்து கையை மேஜைமேல் நீட்டினார்.

“பாத்தீங்களா? ஒரு மண்ணும் ஆகலை. இப்பவாவது கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?”

மெஹருன்னிசா அந்தக் கையை நன்றாகப் பார்த்தார். அவருக்கும் கோபம்தான். குரல் மட்டும் உயரவில்லை.

“நல்ல தோல் சார். உங்களுக்கு எதுக்கு இந்த மருந்து?”

“எனக்கா? உடம்பு வெந்து வர்றவங்களுக்கு மேடம்!”

“வெந்து வர்றவருக்கு இந்த மேல்தோல் எங்கே சார் இருக்கு? தட்டுல சாகடிச்சீங்களே செல்லு, அவருக்கு மிச்சம் இருக்கிறது அதுதான்.”