எழுந்து நடந்துபோன சித்திரங்கள்

முன்னொரு காலத்தில், கடல் இன்னும் இவ்வளவு உப்புக் கரிக்காத காலத்தில், கோரைத்துறை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜ்யத்தில் வேம்பாயி என்று ஒரு சித்திரக்காரி இருந்தாள்.

வேம்பாயி வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வரைகிறவள் அல்ல. சந்தை நடுவே நாலு ஆள் உயரத்துக்கு வெள்ளைத் துணி கட்டுவாள். ஏணி போட்டு ஏறுவாள். கரிக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன வரையட்டும்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பாள்.

"யானை!" என்பார் ஒருவர்.

"யானை மேலே மீன்!" என்பார் இன்னொருவர்.

இழுப்பாள் ஒரு கோடு, வளைப்பாள் ஒரு கோடு, சுழிப்பாள் ஒரு கோடு. கண்மூடித் திறப்பதற்குள் யானை மேல் மீன் ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கும். கூட்டம் ஆரவாரிக்கும்.

ஆனால் அவளிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. யாரும் துணியைத் தொடக் கூடாது. "வாயால் சொல்லுங்கள், கையை வைக்காதீர்கள்" என்பாள். கூட்டம் கலைந்ததும் துணியைச் சுருட்டிக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போவாள். தனியாகச் சமைப்பாள், தனியாகச் சாப்பிடுவாள். அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாள் சந்தை இருக்கிறதே!

ஒருநாள் கூட்டத்திலிருந்து மெலிந்த கிழவர் ஒருவர் ஏணியடிக்கு வந்தார். அவர் காரிமாயன் என்ற மந்திரவாதி. அது அவளுக்குத் தெரியாது.

"அம்மா, அந்த மீனுக்கு ஒரு கண் நான் வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் தாத்தா."

"கண் வேண்டாம். ஒரு செதிள் வைக்கட்டுமா?"

"வேண்டாம் என்றேனே."

"செதிளும் வேண்டாம். ஒரே ஒரு புள்ளி?"

வேம்பாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "இது என் துணி, என் கரி, என் கை. வேடிக்கை பார்க்க வந்தீர், பார்த்துவிட்டுப் போம்!" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கிழவர் சிரிக்கவில்லை. "சரி. உன் கை உனக்கே இருக்கட்டும். ஆனால் அந்தக் கை வரைவது உன்னோடு இருக்காது" என்றார். உள்ளங்கையிலிருந்த சாம்பலை அவள் விரல்கள் மேல் ஊதினார். ஊரைவிட்டே போய்விட்டார். இந்தக் கதையிலும் அவர் இனி வரமாட்டார்.

மறுநாள் "மான்!" என்றது கூட்டம். இழுத்தாள், வளைத்தாள், சுழித்தாள். கொம்பின் நுனியை முடித்ததுதான் தாமதம். மான் காதை ஆட்டியது. எழுந்தது, உடம்பை உதறியது, திரும்பிப் பார்க்காமல் நடந்தது. துணியிலிருந்து குதித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு காட்டுப் பக்கம் போயே போய்விட்டது.

ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். வேம்பாயியும் மகிழ்ச்சியாகத்தான் ஏணியிலிருந்து இறங்கினாள். நாலடி நடந்த பிறகுதான் கவனித்தாள். அவள் கால் கொலுசு ஓசையிடவில்லை. மண்ணில் பாதம் படும் சத்தம்கூட இல்லை. மான் அவளுடைய காலடி ஓசையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எதிரே வந்தவர்கள் ஆள் இருப்பது தெரியாமல் அவள் மேல் மோதினார்கள்.

அடுத்த நாள் "கிளி!" என்றது கூட்டம். கிளி எழுந்தது, இறகை உதறியது, திரும்பிப் பார்க்காமல் பறந்தது. "நில்லு!" என்று கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அது கிளியோடு போய்விட்டது.

அதன்பின் வேம்பாயி சந்தைக்குப் போகவில்லை. வீட்டிலேயே கிடந்தாள். கதவைத் தட்ட ஒருவரும் வரவில்லை. வருவதற்கு அவள் யாரையும் பழக்கிவைத்திருக்கவில்லை. ஏழாம் நாள் மதியம் பொறுக்க முடியாமல் சுவரில் ஒரு பெண்ணை வரைய ஆரம்பித்தாள். தன் வயசு. அகன்ற நெற்றி. கேட்கும்போது கொஞ்சம் சாயும் தலை. எதிரே உட்கார்ந்தால் போதும், பேசக்கூட வேண்டாம் என்று நினைத்து நினைத்து, பொழுது சாயும் வரைக்கும் வரைந்தாள்.

அந்தப் பெண் எழுந்தாள். சேலையை உதறினாள். வேம்பாயி கைநீட்டி நின்றாள். அவளையும் நீட்டிய கையையும் விலகிச் சுற்றிப் போய், திரும்பிப் பார்க்காமல் வாசல் தாண்டி நடந்தாள் அந்தப் பெண்.

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, "யாரம்மா நீ? இந்த வீட்டில் ஆள் இல்லை என்றல்லவா நினைத்தேன்" என்றார். பதினொரு வருஷம் பக்கத்தில் இருந்தவர் அவர். சந்தைக்கு ஓடினாள். அங்கேயும் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. மூன்றாவதாகப் போனது அவள் பெயர். ஊரின் ஞாபகத்திலிருந்து அது துடைத்தெடுத்தாற்போல் போயிருந்தது.

அவள் கரிக்கட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு கடற்கரைக்குப் போனாள். அங்கே கூரை பாதி போன ஓர் உப்புக் கொட்டகை இருந்தது. அதில் தங்கினாள். வலைக்காரர்கள் விட்டுப்போன சின்ன மீன்களைச் சுட்டுத் தின்றாள். பேச ஆளில்லாதவர்கள் தங்களோடாவது பேசிக்கொள்வார்கள். அவளுக்கு அதற்கும் குரல் இல்லை. வரையவும் பயம். இன்னொன்றை வரைந்தால் அது எதை எடுத்துக்கொண்டு போகுமோ? மிச்சம் இருந்ததே அவள் நிழலும் முகமும்தான்.

ஒருநாள் காலை, அலை உள்வாங்கிய ஈரமணலில் நடந்துகொண்டிருந்தாள். அவளை அறியாமல் கால் கட்டைவிரல் மணலில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டது. திடுக்கிட்டுக் காலை எடுத்தாள். கோடு எழுந்து போகப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அட, ஏன் நிறுத்திவிட்டாய்?" என்று ஒரு குரல் கேட்டது.

குனிந்து பார்த்தாள். மிளகு அளவுக்கு ஒரு நண்டு, வளை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"வாயில்லையா உனக்கு? பரவாயில்லை. எனக்கு இரண்டு பேருக்கான வாய் இருக்கிறது" என்றது நண்டு. குடுகுடுவென்று ஓடி, மணலைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, அவள் இழுத்த கோட்டை ஒட்டி வரிசையாக வைத்தது. வைத்துக்கொண்டே வந்து, அவள் நினைக்காத இடத்தில் சட்டென்று இடது பக்கம் திரும்பிவிட்டது.

வேம்பாயிக்குப் பொறுக்கவில்லை. அழிக்கக் கையை நீட்டினாள்.

"ஏய்! அது என் உருண்டை. தொட்டால் கிள்ளுவேன்!"

கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, அந்த இடது திருப்பத்திலிருந்து விரலால் ஒரு வளைவு இழுத்தாள். நண்டு பதிலுக்கு ஒரு வட்டம் வைத்தது. அவள் வட்டத்துக்குள் போனாள். நண்டு வெளியே வந்தது. உச்சிவெயில் ஏறும்வரை இப்படியே நடந்தது. கடைசியில் எழுந்து நின்று பார்த்தாள். ஒரு பக்கமிருந்து பார்த்தால் படகு, மறுபக்கமிருந்து பார்த்தால் காது. அப்படி ஒன்றை அவள் வரைந்ததே இல்லை.

அது எழவில்லை. உதறவில்லை. நடக்கவில்லை. அலை வந்து அழிக்கும்வரை அவளோடேயே இருந்தது.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மூன்றாம் நாள் முடிவில் நண்டு சொன்னது: "நான் ஓடு மாற்ற வேண்டும். இனி மண்ணுக்கடியில்தான் இருப்பேன். நீ ஊருக்குப் போ. அங்கே உள்ளவர்களுக்குக் கால் குறைவு. ஆனாலும் கை இருக்கிறதே." சொல்லிவிட்டு வளைக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டது.

வேம்பாயி சந்தைக்கு வந்தாள். துணியில்லை, ஏணியில்லை. கல் பாவிய தரையில் குந்தி உட்கார்ந்து பாதிக் கோடு இழுத்தாள். மீதியை இழுக்கச் சொல்லி, போகிறவர்களிடம் கரிக்கட்டையை நீட்டினாள்.

முதல் நாள் எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். இரண்டாம் நாள் ஒருவர் கரியை வாங்கினார். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னுடையது இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று கொட்டகைக்குத் திரும்பும்போது, தன் காலடி கேட்காத அந்த நீண்ட பாதையில், வேம்பாயி சத்தமில்லாமல் அழுதுகொண்டே நடந்தாள். ஆனாலும் மூன்றாம் நாள் போனாள்.

அன்று புளிக்காரி சடைச்சி நேரத்தோடு வந்துவிட்டாள். வாட்டசாட்டமான பெண். இடுப்பில் கூடை, வாயில் வெற்றிலை.

"ஏய், எழுந்திரு. இது என் எடம். பதினஞ்சு வருஷமா இங்கதான் கூடை வைக்கிறேன்."

வேம்பாயி கரியை நீட்டினாள்.

"கரியை வெச்சு நான் என்ன செய்ய? சோறா ஆக்க? எழுந்திருன்னா எழுந்திரு!"

வேம்பாயி மறுபடி நீட்டினாள். சடைச்சிக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்! கரியைப் பிடுங்கி, தரையில் தடிமனாக, கோணலாக, குறுக்கே பரபரவென்று ஒரு கோடு கிழித்தாள்.

"இந்தா பாத்துக்கோ. கோட்டுக்கு அந்தப் பக்கம் உன் எடம், இந்தப் பக்கம் என் எடம். தாண்டுனா தெரியும் சேதி!"

கரியை வீசிவிட்டு உட்கார்ந்தாள். வேம்பாயியின் பாதிக் கோட்டை அந்தக் கோணல் கோடு இரண்டாக வெட்டியிருந்தது. பழைய வேம்பாயியாக இருந்தால் என்ன செய்திருப்பாளோ? இந்த வேம்பாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரியை எடுத்து, அந்தக் கோட்டின் முனையிலிருந்து இழுத்தாள், வளைத்தாள், சுழித்தாள். கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் கூடையைவிடப் பெரியதாக இருந்தது.

சடைச்சி எட்டிப் பார்த்தாள். "இது நானா? என் வாய் இவ்வளவு பெருசா?" கரியைப் பிடுங்கினாள். பூசணிக்காய்க்குக் குச்சிக் கால் வைத்ததுபோல் ஓர் உருவம் போட்டு, தலையில் காக்கைக் கூடு மாதிரி முடி கிறுக்கினாள். "இது நீ!"

வேம்பாயி அந்தக் கூட்டில் ஒரு காக்கையை உட்காரவைத்தாள்.

"காக்கைக்கு மரம் வேணுமே" என்று சடைச்சி மரம் போட்டாள். வாழ்நாளில் முதல் தடவை. "புளியமரந்தான். இலை எப்படிப் போடறது? சொல்லேன்!" பதில் வராததால் அவளே போட்டுக்கொண்டாள்.

"கால் வீசை புளி குடு" என்று ஒருவர் வந்து நின்றார்.

"இப்ப முடியாது, பாத்தா தெரியலையா? மரத்துக்குக் கிளை போடு இல்லன்னா வழியை விடு!"

அவர் கிளை போட்டார். எண்ணெய்க்காரர் கிளையில் ஊஞ்சல் கட்டினார். தெருவோடு போன தவில்காரர் நின்று, இவர்கள் கை போகும் வேகத்துக்குத் தட்டினார். கை வேகமானால் தட்டு வேகமானது. தட்டு நின்றால் கை நின்றது. அடுத்து எது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. வேம்பாயி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி ஓடி, யார் விட்ட கோட்டையும் பிடித்து அடுத்தவரிடம் கொண்டுபோனாள். ஓடும்போது 'சலங் சலங்' என்று ஏதோ கேட்டது. குனிந்து பார்த்தாள். அவள் கொலுசுதான்.

சடைச்சி தன் மரத்தின் அழகைப் பார்க்கப் பின்பக்கமாகவே நகர்ந்தாள். நகர்ந்தவள் தன் கூடைக்குள்ளேயே போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். வேம்பாயி சிரித்தாள். சத்தமாக, சந்தையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"அடிப்பாவி! சத்தம் இருக்கா உனக்கு? இவ்வளவு நேரமா ஊமைன்னு நெனச்சேனே. உன் பேர் என்னடி?"

வேம்பாயி வாயைத் திறந்தாள், மூடினாள். அதை யாராவது கேட்டு எத்தனை நாளாயிற்று!

"வேம்பாயி."

"ஆமாம், நம்ம வேம்பாயி!" என்று யாரும் சொல்லவில்லை. ஒருவருக்கும் பழையது ஞாபகம் வரவில்லை. போனது போனதுதான். ஆனால் தவில்காரர், "வேம்பாயி, வேம்பாயி" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எண்ணெய்க்காரர் அடுத்தவரிடம், "வேம்பாயியாம்" என்றார். சந்தை முழுக்க அந்தப் பெயர் புதிதாகப் போய்ச் சேர்ந்தது. தரையில் கிடந்த சித்திரம் எழவில்லை, உதறவில்லை, நடக்கவில்லை. மந்திரம் முறிந்துவிட்டது.

பிற்பாடு ராஜா இதைக் கேள்விப்பட்டு நேரில் வந்து பார்த்தார். அந்த இடத்தில் இனி யாரும் கடை போடக் கூடாது, கரியை எடுத்து வருகிற எல்லோருக்கும் அது சொந்தம் என்று உத்தரவு போட்டார். சடைச்சிக்கு நிழலில் வேறு இடம் கிடைத்தது. அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்குப் பொழுது இறங்கியதும் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மாட்டு மந்தை ஒன்று சித்திரத்தின் மேல் நடந்து, ஊஞ்சலில் பாதியையும் காக்கையையும் அழித்துவிட்டுப் போனது. வேம்பாயி பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்து தனியாகத் திரும்பும் அந்த நேரம் அவளுக்குப் பழகிய நேரம்.

சடைச்சி கூடையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "எங்க போவே?"

"உப்புக் கொட்டகைக்கு."

"அங்க யார் இருக்கா?"

"யாரும் இல்லை."

சடைச்சி வெற்றிலையைத் துப்பினாள். "என் வீட்லயும் இல்ல. சோறு மட்டும் ரெண்டு பேருக்கு வந்துடும், என் கை அப்படி. கூடையை அந்தப் பக்கம் பிடி. ஒருத்தியாத் தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு."

வேம்பாயி பிடித்தாள். கூடை நடுவில் ஆட, இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள்.

"நாளைக்கு என்னடி போடலாம்?"

"தெரியாதே, அக்கா."

"எனக்கும் தெரியல" என்றாள் சடைச்சி.

அவர்கள் கூடையோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். கதையும் அங்கேயே சேர்ந்தது.