தலைவர் கைகுலுக்கிய அட்டவணை

மேட்ச்களுக்கு நடுவே ஓய்வு கேட்டு வீரர்கள் ஸ்ட்ரைக் செய்ததில் ஹாக்கி லீக்கின் பாதி சீசன் போய்விட்டது. சமாதானமான அன்றே தலைவர் தெய்வநாயகம், அட்டவணை போடும் பேச்சிராசுவிடம் உறுமினார்.

"ஒரு மேட்ச்கூடக் குறையக் கூடாதுடா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு ஆடட்டும்!"

பயல்களின் முட்டி தாங்காது என்று பழைய கோல்கீப்பரான பேச்சிராசுவுக்குத் தெரியும். சுர்ரென்று ஏறிய கோபத்தை விழுங்கிக்கொண்டு, மறுநாள் அட்டவணையோடு வந்தான்.

"காலையில கோவில்பட்டி, சாயங்காலம் திண்டுக்கல். மறுநாள் தூத்துக்குடி, ராமநாதபுரம். நீங்க வந்து மாலை வாங்கி, எல்லாரோடயும் கைகுலுக்கின பிறகுதான் எந்த மேட்ச்சும் தொடங்கணும்னு சொன்னது நீங்கதானே ஐயா? கார் தயாரா இருக்கு."

"தினமும் ரெண்டு ஊரா? நான் மனுஷனா, மிஷினாடா?"

"பயலுகளும் அதைத்தான் ஐயா கேட்டாங்க."

தலைவர் பேனாவைப் பிடுங்கி, அட்டவணையில் பாதி மேட்ச்சை அவரே கோடு போட்டு அடித்தார்.