நேர்ந்துவிட்ட தண்ணீர்

யூதேயா மலைநாட்டில் ரபி யோவேசேர் வேதம் சொல்லிக்கொடுத்த காலம் அது. அவருடைய சீடன் அஸ்ரீக்காம் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன். ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"ரபி, நம் முற்பிதாக்கள் செய்யாத அக்கிரமமா? கண் தெரியாத அப்பாவை ஒருவன் ஏமாற்றுகிறான். அண்ணன்மாரே தம்பியை விற்கிறார்கள். பரிசுத்த வேதத்தில் இதையெல்லாம் ஏன் எழுதிவைத்தார்கள்? மறைத்திருக்கலாமே?"

"வாசலில் யார்?" என்றார் ரபி.

அஸ்ரீக்காமின் முகம் சுண்டிப்போனது. "என் அப்பா."

"வெயிலில் நடந்து வந்திருக்கிறார். தண்ணீர் கொடு."

"முடியாது ரபி. திராட்சைத் தோட்டம் முழுவதையும் தம்பிக்கே கொடுத்துவிட்டார். அந்த ஆத்திரத்தில், 'என் கைத்தண்ணீர்கூட இனி உமக்கு இல்லை, அது ஆண்டவருக்கு நேர்ந்தது' என்று பொருத்தனை செய்துவிட்டேன். ஆண்டவர் பெயரால் சொன்னதை எப்படி மீறுவது?"

எப்பேர்ப்பட்ட பக்தி பாருங்கள்!

ரபியே குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். தள்ளாத வயது. கை நடுங்கித் தண்ணீர் தளும்பியது. சீடன் பதறிப்போய்ப் பிடிக்க வந்தான்.

"தொடாதே! நீ தொட்டால் அது உன் கைத்தண்ணீர் ஆகிவிடும்."

வாசலில் இருந்தவர் இரு கையாலும் ஏந்தி மடக்கு மடக்கென்று குடித்தார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மகனைத் தெரியவில்லை.

"ஐயா, என் மகன் நன்றாக இருக்கிறானா?"

"இருக்கிறான். ஒரு கட்டளையையும் மீறுவதில்லை."

அஸ்ரீக்காமுக்குத் தாங்கவில்லை. ரபியின் காதோரம் குனிந்தான். "பொருத்தனையை அவிழ்த்துவிடுங்கள்."

அதற்கு ஒரு முறை உண்டு. 'இப்படி ஆகும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் நேர்ந்திருப்பாயா?' என்று ரபி கேட்பார். இல்லை என்று சொன்னால் பொருத்தனை அவிழ்ந்துவிடும். சீடர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ரபி கேட்டார்.

ஒரே ஒரு 'இல்லை' போதும். அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு புரளவில்லை.

"நேர்ந்திருப்பேன் ரபி. அவர் தவிக்கட்டும் என்றுதானே நேர்ந்தேன்." விம்மினான். "இப்போது பார்க்கச் சகிக்கவில்லை."

"மறைத்திருக்கலாமே?" என்றார் ரபி.

அஸ்ரீக்காம் அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"பார்க்கச் சகிக்காது என்று அன்றைக்கு உனக்குத் தெரியாதே. அவிழ்ந்தது. இந்தா, குடத்தைப் பிடி. எனக்குக் கை வலிக்கிறது."