படி கூட்டிய பாவாயி அம்மையார்

வெள்ளிக்கல் குன்றின் முந்நூற்று அறுபது படிகளையும் நாள்தோறும் கூட்டிப் பெருக்கி வந்தவர் பாவாயி அம்மையார். கிழக்கு வெளுக்கும்போது துடைப்பத்தோடு உச்சிக்கு ஏறிவிடுவார். குரங்குகள் உரித்துப் போட்ட தோலும் ஆட்டுப் புழுக்கையும் வேப்பஞ்சருகும் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். ஒரு வீச்சுக்கு ஒரு ‘சிவசிவ’. அடிவாரத்தை அடைந்ததும் திரும்பி நின்று, உச்சியில் தெரியும் கலசத்தைப் பார்த்துக் கும்பிடுவார். அவ்வளவுதான் அவர் செய்த வழிபாடு. சந்நிதிக்குள் அவர் போனதில்லை. தம் போன்றோருக்கு வாசலே போதும் என்றிருந்தார். கோயில் தரும் சோற்றுக் கட்டி அவருடைய ஒரு நாளைய உணவு.

கிணறு வெட்டும்போது மண் சரிந்து கணவர் இறந்த ஆண்டில் பிறந்தவள் செல்லாண்டி. அம்மையாரின் ஒரே மகள். நடக்கக் கற்றுக்கொள்ளாமல் நேரே ஓடக் கற்றுக்கொண்ட பிள்ளை என்று அவளை ஊரார் சொல்வார்கள். தாய் மேலிருந்து கூட்டிக்கொண்டு இறங்க, மகள் கீழிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு மேலே ஓடுவாள். “ஆத்தா கூட்ட, மவ கலைக்க, நல்ல ஊழியம்!” என்று கடைவீதியில் சிரிப்பார்கள். அம்மையாரும் கூடவே சிரிப்பார்.

படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த முதியவர்களைச் செல்லாண்டி விடவே மாட்டாள். “எந்திரிங்க தாத்தா, இன்னும் நாப்பது படிதானுங்க!” என்பாள். பாதி வழியிலும் நாற்பதுதான், அடிவாரத்திலும் நாற்பதுதான். “பொய் சொல்லலாமா அம்மிணி?” என்று தாய் கேட்டால், “நெசத்தச் சொன்னா அவுங்க ஏறவே மாட்டாங்க ஆத்தா” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் ஓடிவிடுவாள். உச்சி மணியை எக்கி எக்கி அடித்து, “சாமி, நான் வந்துட்டேன்!” என்று கத்துவாள். சாம்பமூர்த்தி குருக்கள் அதட்டுவார்; அதட்டிவிட்டு வாழைப்பழம் கொடுப்பார்.

அவளுக்கு ஒன்பது வயது நடந்த ஐப்பசியில் காய்ச்சல் கண்டது. முட்டிகள் வீங்கின. நான்கு படி ஏறினாலே நெஞ்சு படபடவென்று அடித்தது. நாடி பார்த்த வைத்தியர் அம்மையாரைத் தனியே அழைத்துச் சென்றார்.

“காய்ச்சல் இருதயத்துல எறங்கிருச்சு. புள்ளைய ஓட விட்டுறாதே. நடக்கக்கூட விடாதே. படுத்தே கெடந்தாத்தான் பொழைக்கும்.”

அன்று முதல் அம்மையார் மகளைக் காவல் காத்தார். வேலைக்குப் போகும்போது அண்டை வீட்டாரை உட்கார வைத்தார். திரும்பி வந்ததும் தம் சேலைத் தலைப்பை அவள் இடுப்போடு முடிந்துகொண்டார். செல்லாண்டியின் கால்கள் படுக்கையிலும் ஓயவில்லை. போர்வைக்குள் உதைத்துக்கொண்டே இருந்தன. “ஒரே ஒரு ஓட்டம், ஆத்தா. மணியடிச்சுட்டு வந்துர்றேன்” என்று கெஞ்சுவாள். “நல்லானதும் ஓடலாங்கண்ணு” என்று அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்று மாதம் இப்படிக் கழிந்தது. தை மாதத்து ஒரு முற்பகலில், இடுப்பில் அந்த முடிச்சு இருக்கும்போதே, பிள்ளையின் கால்கள் அசைவற்றுப் போயின.

அதன் பின் அம்மையாரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றபடியே உண்டார். படிகளை ஒரு முறை கூட்டியவர் மூன்று முறை கூட்டினார். தூசியே இல்லாத படியையும் தேய்த்தார். வேலை முடிந்தாலும் குன்றைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அழுகை மட்டும் வரவில்லை. ‘எப்படியும் போகப்போகிற பிள்ளையை ஓடவாவது விட்டிருக்கலாமே’ என்ற எண்ணம் அவரை விரட்டிக்கொண்டே இருந்தது. பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள் ஊரார்.

“இத்தன வருசமாக் கூட்டுனியே, அந்தச் சாமி உனக்கு என்னத்தக் குடுத்துது?” என்று ஒருத்தி வழிமறித்துக் கேட்டாள்.

“ஒம்போது வருசம் செல்லாண்டியக் குடுத்துது” என்று சொல்லிவிட்டு அம்மையார் நிற்காமல் நடந்தார்.

பங்குனித் திருவிழா வந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் வெள்ளிக்கல் நாதர் சப்பரத்தில் இறங்கி, ஊரை வலம் வந்து மலையேறுவார். முந்தைய நாள் கோயில் மணியக்காரர் அம்மையாரை அழைத்தார். “விடியறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிரு. சாமி வர்ற வழியில நிக்காதே. புள்ளையத் தின்னவ மொகத்துலயா சாமி முழிக்கோணும்?”

“சரிங்க” என்றார் அம்மையார். சொன்னபடியே கூட்டி முடித்து, அடிவாரத்துப் பெரிய பாறைக்குப் பின்னால் ஒதுங்கினார். அங்கேயும் நிற்க முடியாமல் அந்தச் சிறிய இடத்துக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்.

ஊரை வலம் வந்த சப்பரம், வெயில் ஏறும் நேரத்தில் முதல் படிக்கு முன்னால் நின்றது. பன்னிரண்டு பேர் தூக்கியும் மேலே ஏறவில்லை. கால் எடுத்து வைக்க முயன்றபோதெல்லாம் தண்டுகள் தோளை அழுத்தின. ஆளை மாற்றினார்கள், கற்பூரம் காட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். பயன் இல்லை. மேளமும் ஓய்ந்தது. குருக்கள் மேலே நீண்டு கிடந்த சுத்தமான படிகளைப் பார்த்தார்.

“இதையெல்லாம் கூட்டினவ எங்கே? அவளைக் கூப்பிடுங்கோ!”

பாறைக்குப் பின்னாலிருந்து அம்மையார் வந்தார். கூட்டம் விலகியது.

“மனசுல என்ன இருந்தாலும் சுவாமிகிட்ட சொல்லிடும்மா” என்றார் குருக்கள்.

அம்மையார் கைகூப்பினார். முதன்முறையாக அவ்வளவு அருகில் இறைவனின் முகத்தைக் கண்டார்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாஞ்சாமி. எம்புள்ளையத் திருப்பிக் கேக்கலீங்க. அவ ஓடிட்டே இருந்தவ. நாந்தான் மூணு மாசம் கட்டிப் போட்டுட்டேன். நீங்க அங்க அவள உக்கார வெச்சுறாதீங்க. ஓட உடுங்க சாமி.”

அடுத்த கணம் சப்பரம் எழுந்தது. ஏறியது என்று சொல்வதற்கில்லை, ஓடியது. சுமந்தவர்கள் தோளில் கனமே தெரியவில்லை. கால்கள் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவினார்கள். முன்னால் கம்பீரமாக நடக்க வேண்டிய மணியக்காரர் துண்டு நழுவ, வழியை விட்டு ஓரமாய்ப் பாய்ந்தார். மேளக்காரர்கள் ஓடிக்கொண்டே அடித்தார்கள். எங்கும் நில்லாமல், முந்நூற்று அறுபது படிகளையும் ஒரே ஓட்டமாய்க் கடந்தார் வெள்ளிக்கல் நாதர். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. சப்பரத்து விளக்குகளில் ஒன்றுகூட அணையவில்லை.

கீழே அம்மையார் முதல் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாக வராத அழுகை வந்துகொண்டிருந்தது. குருக்கள் இறைவனின் மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அத்தனை படியும் தாமே இறங்கி வந்து அவர் கைகளில் வைத்தார். “சுவாமி கேட்டுண்டுட்டார், தாயே” என்றார். மணியக்காரர் அந்தப் படியில் விழுந்து வணங்கினார்.

அந்த ஆண்டு முதல் பங்குனியில் சப்பரம் ஓட்டமாகவே குன்றேறுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அடிவாரத்தில் நின்று அதைப் பார்க்கிறார்கள். தமக்கென்று ஒன்றும் கேளாமல், மகளின் கால்களுக்காக மட்டும் வேண்டிய பாவாயி அம்மையாரின் அன்பு வாழ்க.